நாகர்கோவில் சுற்றுவட்டாரத்தில் சைக்கிள்: ஆறு, சானல், காற்று, மழை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹெல்மெட்டும் கையுமாக டீக்கடையில் நின்றால் போதும், பக்கத்தில் நிற்பவர் ஏதாவது கேட்பார். சைக்கிள் கடையிலும் கல்யாண வீட்டிலும் அதே கதைதான். கேட்பவர் மாறுவார், கேள்வி பெரும்பாலும் மாறாது. அதனால் கேட்டவர்கள் கேட்ட பேச்சிலேயே கேள்விகளைப் போட்டு, பதிலை ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன். நாகர்கோவில்தான் நடு. கிழக்கே ஆரல்வாய்மொழி, மேற்கே குழித்துறை, வடக்கே பேச்சிப்பாறை, தெற்கே கடல்.

வருஷத்துல எந்த மாசம் ஓட்டுறதுக்கு நல்லது?

ஒன்றே ஒன்று சொல்லச் சொன்னால் தை. மழை ஓய்ந்திருக்கும், சானல்களில் (பாசனக் கால்வாய்களில்) தண்ணீர் ஓடும், கும்பப்பூ (இரண்டாம் போக) நெல் வயலில் நிற்கும், காலையில் லேசான குளிர் இருக்கும். மாசி பாதி வரைக்கும் இதே சுகம்தான்.

மற்ற மாவட்டங்களில் வெயிலைப் பார்த்து நாள் குறிப்பார்கள். இங்கே பார்க்க வேண்டியது தண்ணீரும் காற்றும். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் நமக்குக் கிடைக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மேல்காற்றும் (மேற்கிலிருந்து வரும் காற்று) சாரலும். அக்டோபர், நவம்பரில் கன மழை, பெரும்பாலும் மதியத்துக்கு மேல் இடியோடு. மார்ச் முதல் மே வரை புழுக்கம். ஓட்டவே முடியாத மாதம் என்று எதுவும் இல்லை, மாதத்துக்கு ஏற்றபடி திசையையும் நேரத்தையும் மாற்றிக்கொண்டால் போதும். கீழே உள்ள பதில்களில் பாதி அதைப் பற்றியதுதான்.

கியர் சைக்கிள் கட்டாயம் வேணுமா? பையனுக்குப் பள்ளிக்கூடத்துல குடுத்த சைக்கிள் வீட்டுல சும்மாதான் நிக்குது.

அதையே எடுங்கள். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கும் அந்த விலையில்லா சைக்கிள் கனமானதுதான், ஆனால் உறுதியானது. சுசீந்திரம், தேரூர், மணக்குடி என்று கிழக்கிலும் தெற்கிலும் சுற்றுவதற்குத் தாராளமாகப் போதும். கடையில் கொடுத்து பிரேக் கட்டையை மாற்றி, செயினுக்கு எண்ணெய் விட்டு, சீட்டைச் சரியான உயரத்துக்கு ஏற்றிக்கொள்ளுங்கள். பெடல் கீழே இருக்கும்போது முட்டி லேசாக மடங்கியிருந்தால் சீட் சரி. நம் ஊரில் பாதிப் பேருக்கு முட்டி வலிப்பதே சீட்டைத் தாழ்த்தி வைத்து ஓட்டுவதால்தான்.

தக்கலை தாண்டி மேற்கே போகிற எண்ணம் இருந்தால் கியர் வேண்டும். டயர் அகலம் 35 முதல் 40 மில்லிமீட்டர் இருந்தால் தார்ச் சாலைக்கும் சானல் கரைக்கும் ஒத்துவரும். ரேஸ் வண்டியின் ஒல்லி டயர் நம் ஊர்க் குழிகளுக்கு ஆகாது.

மெயின் ரோட்டப் பாத்தாலே பயமா இருக்கு. முதல்ல எங்க போய்ப் பழகலாம்?

சுசீந்திரம், தேரூர், பறக்கை வட்டாரம். ஞாயிற்றுக்கிழமை விடிகாலை நாகர்கோவிலிலிருந்து சுசீந்திரம் வரை மட்டும் மெயின் ரோட்டில் போய்விட்டால், அப்புறம் வயல் நடுவே போகும் ஊர்ச் சாலைகள். ஏற்றம் என்று சொல்ல ஒன்றும் கிடையாது. தேரூர் குளமும் சுசீந்திரம் குளமும் பறவைகள் சரணாலயம். அக்டோபரிலிருந்து மார்ச் வரை வலசைப் பறவைகள் வரும், நின்று பார்க்க ஒரு சாக்கு. தேரூர் கவிமணி பிறந்த ஊர் என்பதைத் தெரியாதவர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

மெயின் ரோட்டில் பயப்பட வேண்டியது டாரஸ் லாரிகளுக்கு. அதிலும் மேற்கே கேரளாவுக்குக் கல்லும் மணலும் ஏற்றிப் போகும் பாதையில். அந்தச் சாலையைக் கடக்கலாம், கொஞ்ச தூரம் ஒட்டிப் போகலாம். பழகும் இடமாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

சானல் கரையில ஓட்டுனா ஏத்தமே இருக்காதுன்னு சொல்லுதாவளே, நெசமா?

நிஜம்தான். தண்ணீர் மேட்டில் ஏறாது. மலை அடிவாரத்திலிருந்து வயல் வரை தண்ணீரைக் கொண்டுவர வேண்டுமானால் சானலை மிக மெல்லிய சரிவில் குன்றுகளைச் சுற்றிச் சுற்றித்தான் வெட்டியாக வேண்டும். ஆகவே கரையைப் பிடித்தால் நமக்கும் அதே மட்டம். பக்கத்துச் சாலை ஏறி இறங்கி மூச்சு வாங்க வைக்கும், சானல் கரை அந்தக் குன்றையே வளைத்து அலுங்காமல் கூட்டிப்போகும். கொஞ்சம் சுற்று, அவ்வளவுதான்.

இந்த வலைப்பின்னலின் தலை பேச்சிப்பாறை அணை. திருவிதாங்கூர் காலத்தில் மிஞ்சின் என்ற பொறியாளர் மேற்பார்வையில், 1906-இல் கட்டி முடித்தது. அப்புறம் பெருஞ்சாணி, சிற்றாறு அணைகள் வந்து சேர்ந்தன. தோவாளை சானல், அனந்தனார் சானல், பத்மநாபபுரம் புத்தனார், நாஞ்சில்நாடு புத்தனார், பட்டணங்கால் எல்லாம் இந்தக் கோதையாறு பாசனத்தின் கைகள். பள்ளத்தாக்கு குறுக்கிட்டால் சானல் என்ன செய்யும் என்று பார்க்க மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குப் போங்கள். பரளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில் தொட்டி கட்டி, பட்டணங்கால் தண்ணீரை அக்கரைக்குக் கொண்டுபோகிறார்கள். 1966-இல் வந்தது. அதன் மேல் உள்ள நடைபாதை ஒடுக்கமானது, சைக்கிளை வெளியே பூட்டி வைத்துவிட்டு நடந்து போங்கள்.

கரை முழுக்க ஒரே மாதிரி இருக்காது. சில இடத்தில் தார் போட்டிருப்பார்கள், சில இடத்தில் ஒற்றையடிப் பாதை, சில இடத்தில் புதர் மண்டி வழியே இராது. பாசனத்துக்கு வழக்கமாக ஜூன் முதல் தேதி திறந்து பிப்ரவரி கடைசியில் அடைப்பார்கள். திறந்திருக்கும் மாதங்களில் சானல் நிறைந்து ஓடும், சறுக்கினால் நேரே தண்ணீருக்குள்தான். இருட்டில் கரைப்பக்கமே போகாதீர்கள். எதிரே மாடு வந்தால் இறங்கி நில்லுங்கள், வழி அதனுடையது. குளிக்கிற துறை வந்தால் மணி அடித்துவிட்டு, இடம் பார்த்து, சாலைக்கு ஏறிவிடுவது மரியாதை.

பழையாத்துக் கரையப் புடிச்சே கடல் வரைக்கும் போயிடலாமா?

ஒரே மூச்சில் முடியாது. சுருளோட்டுப் பக்கம் பிறந்து பூதப்பாண்டி, ஒழுகினசேரி, சுசீந்திரம் வழியாக மணக்குடியில் கடலில் சேருகிற ஆறு இது. கரைப் பாதை துண்டு துண்டாகத்தான் இருக்கிறது. ஆற்றை விட்டு விலகி, பாலம் வரும்போது திரும்பத் தொட்டு, மறுபடி விலகி என்று போனால் அழகான பாதை.

நாகர்கோவிலிலிருந்து சுசீந்திரம், பறக்கை, தெங்கம்புதூர் வழியாக மணக்குடி வரை போங்கள். காயலும் உப்பளமும் அலையாத்தி மரங்களும் ஒரே இடத்தில் இருக்கும். மேல மணக்குடிக்கும் கீழ மணக்குடிக்கும் நடுவில் இருந்த பழைய பாலத்தை 2004 சுனாமி அடித்துக்கொண்டு போனது. இப்போது இருப்பது பிறகு கட்டியது. அதைத் தாண்டினால் கோவளம் வழியாகக் கன்னியாகுமரி வரை கடலோரச் சாலை.

ஆனி ஆடியில ஆரல்வாய்மொழிப் பக்கம் காத்து ஆளையே தள்ளுது. எப்படி ஓட்டுறது?

மேற்குத் தொடர்ச்சி மலை முடிகிற இடத்தில் உள்ள இடைவெளி ஆரல்வாய்மொழி கணவாய். அரபிக்கடலிலிருந்து வரும் காற்று அத்தனையும் அந்தச் சந்தில் நெருக்கியடித்துப் போகிறது. முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளை நட்டிருப்பது சும்மா இல்லை.

எந்த ஊரிலும் முதலில் எதிர்க்காற்றில் போ, திரும்பும்போது காற்று தள்ளட்டும் என்பதுதான் கணக்கு. இங்கே ஆனி, ஆடியில் அது தலைகீழாகிவிடும். நாகர்கோவிலிலிருந்து தோவாளை வழியாகக் கிழக்கே போனால் காற்று முதுகில் கைவைத்துத் தள்ளும், "நமக்கு இவ்வளவு காலா!" என்று தோன்றும். திரும்பும்போதுதான் உண்மை தெரியும். போன நேரத்தைப்போல இரண்டு மடங்கைத் திரும்புவதற்கு ஒதுக்குங்கள். விடிவதற்கு முன்னே கிளம்பி, தோவாளைப் பூச்சந்தையில் ஒரு நிறுத்தம் போட்டு, வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுவது நல்லது. நேரம் ஆக ஆகக் காற்றுக்கு வலு கூடும்.

எதிர்க்காற்றை விட பக்கக்காற்று ஆபத்து. பெரிய லாரி பக்கத்தில் கடக்கும்போது காற்று சட்டென்று நின்று, அது போனதும் பழையபடி மோதும். காற்றுக்கு எதிராகச் சாய்ந்து ஓட்டிக்கொண்டிருந்தால் அந்த ஒரு நொடியில் லாரிப் பக்கமே சாய்வீர்கள். ஹேண்டிலைத் தளர்வாக ஆனால் இரண்டு கையாலும் பிடியுங்கள், வேகத்தைக் குறையுங்கள். மார்கழியில் காற்று வடகிழக்கிலிருந்து வரும், அப்போது அதே பாதை வழக்கமான கணக்குக்குத் திரும்பிவிடும்.

மழையில ஓட்டலாமா?

சாரலில் தாராளமாக. இடியில் வேண்டாம்.

மழை தொடங்கிய முதல் கொஞ்ச நேரம்தான் சாலை அதிகம் வழுக்கும், தூசியும் எண்ணெயும் கலந்து மேலே மிதக்கும். வெள்ளைக் கோடு, இரும்பு மூடி, ரயில்வே கேட்டின் தண்டவாளம் இவற்றின் மேல் பிரேக்கும் பிடிக்காதீர்கள், திருப்பவும் செய்யாதீர்கள். பழைய மாதிரி ரிம்மைப் பிடிக்கும் பிரேக் என்றால் ஈரத்தில் பிடிமானம் பாதிதான், முன்னாடியே மெல்லத் தொட்டுத் தொட்டுத் தண்ணீரைத் துடைத்துவிட வேண்டும். மட்கார்டு போடாத ஸ்டைல் வண்டிகள் நம் மாவட்டத்துக்கு ஏன் வருகின்றன என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

காற்றோடு வரும் மழை வேறு விஷயம். 2017 நவம்பர் 30-இல் ஒக்கி வந்தபோது மரங்களும் மின்கம்பங்களும் சரிந்து கிடந்ததைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. புயல் எச்சரிக்கை இருந்தால் சைக்கிள் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும்.

ரோட்டுல தண்ணி ஓடுது, முழங்கால் அளவுதான். தள்ளிட்டே கடந்துடலாம்லா?

கூடாது. தண்ணீருக்கு அடியில் சாலை இருக்கிறதா, அரித்துக்கொண்டு போய்விட்டதா என்பது மேலே நின்று தெரியாது. ஓடும் தண்ணீரில் சைக்கிள் ஒரு தடுப்பு மாதிரி நின்று உங்களையும் சேர்த்து இழுக்கும். 2021 நவம்பர் வெள்ளத்தில் மாவட்டத்தில் பல சாலைகள் துண்டானதை நினைவில் வையுங்கள்.

குழித்துறையில் தாமிரபரணியின் குறுக்கே உள்ள சப்பாத்தும் (தாழ்வான தரைப்பாலம்) அப்படித்தான். (இது நெல்லைத் தாமிரபரணி இல்லை. கோதையாறும் பரளியாறும் சேர்ந்து வந்து தேங்காய்ப்பட்டணத்தில் கடலில் விழுவது.) சாதாரண நாளில் குறுக்குவழி, அணை திறந்தால் மூழ்கிவிடும். உள்ளூரில் மழையே இல்லாவிட்டாலும் மலையில் பெய்து உபரிநீர் வரலாம். மழைக்காலத்தில் அணை நீர்மட்டம் நாளிதழ்களில் தினமும் வரும். பேச்சிப்பாறைக்கு மொத்தம் 48 அடி, பெருஞ்சாணிக்கு 77 அடி. அந்த எண்களை நெருங்கிவிட்டால் ஆற்றோரப் பாதைகளை மறந்துவிடுங்கள்.

இன்னொன்று. நகரத்துக்குள் தேங்கும் தண்ணீரில் சாக்கடையும் கலந்திருக்கும். காலில் வெட்டு, சிராய்ப்பு இருந்தால் எலிக்காய்ச்சல் தொற்ற அது போதும். நனைந்து வந்தால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சில நாளில் காய்ச்சலும் தசைவலியும் வந்தால் வெள்ளத்தில் கால் வைத்ததை டாக்டரிடம் சொல்லுங்கள்.

நாகர்கோவில்ல வெயில் அடிக்குது, தக்கலை போனா கொட்டுது. முன்கூட்டியே எப்படித் தெரியும்?

தென்மேற்குப் பருவத்தில் மேகம் மேற்கிலிருந்து வருகிறது. மேற்குப் பகுதியும் மலையடிவாரமும் முதலில் நனையும், நாகர்கோவிலுக்குச் சாரல் வந்து சேரும், ஆரல்வாய்மொழி தாண்டினால் சாலை காய்ந்து கிடக்கும். கிளம்பும் முன் வேளிமலையைப் பாருங்கள். உச்சி மேகத்துக்குள் போயிருந்தால் மேற்கே நனையத் தயாராகப் போங்கள். வானிலைத் துறையின் திருவனந்தபுரம் ரேடார் படத்தை போனில் பார்த்தால் மேகம் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதும் தெரியும்.

அந்த மாதங்களில் ஒரு தர்மசங்கடம் உண்டு. காற்றுக் கணக்குப்படி மேற்கே போய்த் திரும்புவது சுகம், மழைக் கணக்குப்படி கிழக்கே போவது நல்லது. நான் மழையை ஏற்றுக்கொண்டு மேற்கே போகிற கட்சி. துணியைக் காயவைத்துக்கொள்ளலாம், எதிர்க்காற்றில் போன சக்தி அன்றைக்குத் திரும்ப வராது.

மார்த்தாண்டம், குலசேகரம் பக்கம் ஏத்தமும் எறக்கமுமா உயிரை எடுக்குதே?

அங்கே நிலம் அப்படி. செம்மண் மேடு, அடியில் ஏலா (பள்ளத்து வயல்வெளி), அடுத்த மேடு. சாலைகள் இவற்றைக் குறுக்காக வெட்டிப் போவதால் ஒவ்வொரு ஏற்றமும் சின்னது, ஆனால் செங்குத்து, முடிவும் இல்லாதது. ஏற்றம் தொடங்கும் முன்பே கியரைக் குறையுங்கள். பாதியில் மாற்றினால் செயின் கழன்றுவிடும். ஏறமுடியாவிட்டால் இறங்கித் தள்ளுவதில் ஒரு வெட்கமும் இல்லை. எல்லாம் அலுத்துவிட்டால் சானல் கரையைத் தேடுங்கள், காரணம் மேலே சொன்னதுதான்.

ரப்பர் தோட்டங்களின் நிழலை நம்பி ஜனவரியில் போனால் ஏமாறுவீர்கள். டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள் ரப்பர் இலை உதிர்த்து மொட்டையாக நிற்கும், சாலையெல்லாம் சருகு. வளைவில் சருகு மேல் பிரேக் பிடிக்காதீர்கள். மார்ச்சில் தளிர்த்துவிடும், உண்மையில் நிழல் தேவைப்படும் நேரத்துக்குச் சரியாக வந்துவிடுகிறது.

கீரிப்பாறை, காளிகேசம், பேச்சிப்பாறைக்கு மேல போலாமா? யானை வருமா?

வரும். தடிக்காரன்கோணம் தாண்டினால் காட்டின் ஓரம்தான். வனத்துறை சோதனைச்சாவடியில் கேட்டுவிட்டு, அவர்கள் விட்டால் மட்டும் போங்கள். நன்றாக விடிந்த பிறகு உள்ளே போய், மாலை நான்கு மணிக்கெல்லாம் கீழே இறங்கிவிட வேண்டும். சைக்கிளுக்குச் சத்தம் கிடையாது, அதுதான் சிக்கல். வளைவில் நீங்கள் வருவது யானைக்கும் தெரியாது. மணியை அடித்துக்கொண்டே போங்கள். சாலையில் புது விட்டை கிடந்தால் போட்டோ எடுக்க நிற்காமல் திரும்புங்கள். ரப்பர் பால்வெட்டுக்குப் போகும் தொழிலாளிகள் சொல்வதை ஆப் சொல்வதைவிட நம்பலாம்.

சித்திரை வெயில்ல என்ன குடிக்கணும்?

வெப்பநிலை நெல்லை அளவுக்கு ஏறாது. ஆனால் ஈரக்காற்றில் வியர்வை காயாது, உடம்பு குளிராது. தாகம் தெரியாமலே தளர்ந்துபோவீர்கள். காலை 5 மணிக்குக் கிளம்பி 8 மணிக்குள் முடியுங்கள். உப்புப் போட்ட கஞ்சித்தண்ணி ஒரு பாட்டில், வெறும் தண்ணீர் ஒரு பாட்டில். வழியில் அக்கானியும் (பதநீர்) நுங்கும் கிடைக்கிற காலம் அது. பசிக்கு மட்டிப்பழம், பாக்கெட்டில் வைக்க அதைவிடத் தோதான பழம் இல்லை. மேற்கே போனால் சாயாவும் அவித்த ஏத்தன்பழமும்.

முட்டம், சங்குத்துறைன்னு கடலோரமே சுத்துறேன். ஆறு மாசத்துல செயின் துருப்பிடிச்சுப்போச்சு.

உப்புக்காற்று. வந்த அன்றைக்கே நல்ல தண்ணீரில் ஈரத்துணி நனைத்துச் செயினையும் ரிம்மையும் துடைத்து, காய்ந்ததும் எண்ணெய் விட்டு, மிச்ச எண்ணெயைத் துடைத்துவிடுங்கள். வாட்டர் சர்வீஸ் கடையில் கொடுத்துப் பீய்ச்சி அடித்தால் பேரிங்குக்குள் தண்ணீர் இறங்கி இன்னும் கெடும். சீட் கம்பியில் கிரீஸ் தடவி வைக்காவிட்டால் ஒருநாள் அது பிரேமோடு ஒட்டிக்கொள்ளும், அப்புறம் சுத்தியல்தான்.

ஏப்ரலிலிருந்து ஜூலை வரை கள்ளக்கடல் (திடீரென எழும் பேரலை), கடல்சீற்றம் எச்சரிக்கை இருந்தால் கரையோரச் சாலையைத் தவிருங்கள். அலை தாழ்வான சாலை வரை ஏறிவரும்.

பொம்பளப்புள்ள தனியாப் போலாமா அக்கா? வீட்டுல விடமாட்டாவ.

போகலாம். காலை ஐந்தரைக்கு மேல் ஊர்ச் சாலைகளில் பால்காரர், கோயிலுக்குப் போகிறவர், வயலுக்குப் போகிறவர் என்று ஆள் நடமாட்டம் இருந்துகொண்டே இருக்கும். முதல் சில வாரம் ஒரே பாதையில் ஒரே நேரத்துக்குப் போங்கள். டீக்கடைக்காரருக்கும் பூ விற்கும் அம்மாவுக்கும் முகம் பழகிவிடும், அதுவே பாதுகாப்பு. லொகேஷனை வீட்டுக்கு அனுப்பி வையுங்கள். பஞ்சர் போடக் கற்றுக்கொள்ளுங்கள், அல்லது மாற்று ட்யூபும் பம்பும் வைத்திருங்கள். வீட்டாரிடம் பேசும்போது இந்தக் கடைசி விஷயம் பெரிய வாதமாக எடுபடும். ஆளில்லாத சானல் கரைக்கும் காட்டோரத்துக்கும் கூட்டாளியோடு போங்கள். இதை ஆண்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

கன்னியாகுமரிக்கு சூரிய உதயம் பாக்கப் போனா ரோடு ஏன் இப்படி நெரிசலா இருக்கு?

கார்த்திகை, மார்கழியில் போனீர்களா? சபரிமலை பக்தர்கள் வண்டிகள், இராத்திரி முழுக்க ஓட்டிய டிரைவர்கள். அந்த இரண்டு மாதமும் விடிவதற்கு முன் அந்தச் சாலை வேண்டாம். மணக்குடி வழி (மேலே சொன்னது) சுற்றுதான், ஆனால் நிம்மதி. மார்கழித் திருவிழாவில் சுசீந்திரத்தில் தேர் ஓடும் நாளில் ஊருக்குள் சைக்கிளைக்கூடத் தள்ள முடியாது.

காஷ்மீர் வரைக்கும் சைக்கிள்ல போகணும்னு ஆசை. இங்கருந்து கிளம்பவா, அங்கருந்து வரவா?

தேசிய நெடுஞ்சாலை 44, 3,700 கிலோமீட்டருக்கு மேல். ஊர்க்காரர் என்பதால் இங்கிருந்து கிளம்ப ஆசை இருக்கும், நண்பர்கள் மாலை போட்டு அனுப்புவார்கள். ஆனால் நவம்பரில் கிளம்பினால் காவல்கிணறு தாண்டியதிலிருந்தே வடகிழக்குக் காற்று முகத்தில் அடிக்கும், மழையும் சேரும். தமிழ்நாட்டைத் தாண்டுவதற்குள்ளேயே ஆள் பாதியாகிவிடுவீர்கள். போய்ச் சேரும்போது அங்கே பனி வேறு.

செப்டம்பர் கடைசியில் ஸ்ரீநகரில் தொடங்குங்கள். குளிர் பின்னால் துரத்தும், நீங்கள் தெற்கே இறங்கிக்கொண்டே இருப்பீர்கள். நவம்பரில் தமிழ்நாட்டுக்குள் வரும்போது மழைக்கு ஒதுங்கி ஒதுங்கித்தான் ஓட்ட வேண்டியிருக்கும், ஆனால் காற்று முதுகுப் பக்கம். சைக்கிளை ரயிலில் பார்சலாக அனுப்புவதானால் பெடலைக் கழற்றி, ஹேண்டிலைத் திருப்பி, பின்சக்கரத்தில் கியர் மாற்றும் பாகத்துக்குப் பக்கத்தில் அட்டை வைத்துக் கட்டுங்கள். உங்கள் பெயரையும் சேருமிடத்தையும் இரண்டு இடத்தில் எழுதி ஒட்டுங்கள். நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகும் பார்சல் வர ஓரிரண்டு நாள் ஆகலாம், அதற்கும் சேர்த்து அறை போடுங்கள்.